டேங்க் நிரம்பும்போது மட்டும்

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

காலாண்டு விடுமுறையில் இரண்டாம் நாள். நூலகத்திலிருந்து எடுத்து வந்த மூன்று புத்தகங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. காலையிலிருந்து அம்மாவின் மிஷினோடு இருந்தேன்.

மிஷின் என்றால் ட்ரோன். வயலுக்கு மருந்தடிக்கிறது. ஆறு கை, ஆறு மோட்டார், நடுவில் பத்து லிட்டர் டேங்க். எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு வந்தபோது, ஓட்டுகிறவர் பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்றார்கள். குழுவில் முடித்தவள் அம்மா ஒருத்திதான். பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பினாள். அதில் 'தமிழ்மணி' என்று அச்சாகியிருப்பதை நானே பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். இப்போது ஊரில் அவள் 'ட்ரோன்காரம்மா'. பெங்களூரில் பேக்கரி வேலையிலிருக்கும் அப்பா ஊருக்கு வந்தால் 'ட்ரோன்காரம்மா வூட்டுக்காரர்'. அப்பாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை. குழுத் தலைவி முனியம்மாள் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "போட்டோ புடிச்சு பிளாக் ஆபீசுக்கு அனுப்பணும். சேத்துல பொரண்ட எருமையாட்டம் கெடக்குது" என்றார். அம்மா காட்டில் இருந்தாள். நானே துடைத்தேன்.

பேட்டரியிலிருந்து வரும் இரண்டு தடித்த வயர்கள்தான் மகா அசிங்கம். சிவப்பும் கறுப்பும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு, மேலே கிழிந்த டேப், அதன்மேல் செம்மண், எண்ணெய். டேப்பை உரித்து, முறுக்கைப் பிரித்து, துடைத்து, சிவப்பை வலப்பக்கச் சட்டத்தோடும் கறுப்பை இடப்பக்கச் சட்டத்தோடும் பிளாஸ்டிக் பட்டியால் கட்டினேன். பெரியம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்கு ரெட்டச் சடை போட்டாப்பல இருக்குது."

அம்மா சாயங்காலம் வந்து பார்த்து, "அழகா இருக்குதுடி" என்றாள். அம்மா சும்மா அப்படிச் சொல்கிறவள் இல்லை.

அக்டோபர் 1, புதன்

பூஜை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. போட்டோவில் அம்மா கண்ணை மூடிவிட்டாள். மறுபடி எடுக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

அக்டோபர் 4, சனி

வரிசையாக எழுத வேண்டும். அப்போதுதான் நாளை யாராவது மாற்றிச் சொன்னால் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ராமக்காளின் துவரைக்குக் காய்ப்புழு மருந்து. காலை எட்டு மணி. காற்று இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சென்னப்பன் மாமாவின் மல்பெரித் தோட்டம். அவர் பட்டுப்புழு வளர்க்கிறார், புழுக்கள் இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்டப் போகின்றன. மருந்து பட்ட இலையைத் தின்றால் மொத்தமும் செத்துப்போகும். அதனால் அம்மா வேலியோரம் நான்கு வரிசையை விட்டுவிட்டுத்தான் அடிப்பாள்.

டேங்க் நிரப்பினாள். ஏறியது. நேராகத்தான் போனது. அப்புறம் தலை சுற்றினதுபோல மெதுவாகத் திரும்பியது. ரிமோட் திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து. அம்மா இந்தப் பக்கம் இழுக்கிறாள், அது அந்தப் பக்கம் போகிறது. வேலியைத் தாண்டி, மருந்தைத் தெளித்துக்கொண்டே போய், மல்பெரிக்குள் விழுந்தது. இரண்டு விசிறி உடைந்தது.

சென்னப்பன் மாமா ஓடி வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மருந்து பட்ட மல்பெரி வரிசைகளை எல்லாம் அவரே அறுத்துக் குழியில் போட்டார். போட்டுக்கொண்டே, "புழு வாயத் தொறந்துட்டு கெடக்குது. இப்ப எலைக்கு நான் எங்க போவேன்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மாவும் கூட நின்று அறுக்கப் போனாள். "நீ தொடாத தாயி" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

டீக்கடையில் சொல்கிறார்களாம்: "சட்டி புடிக்கிற கைல ரிமோட்டக் குடுத்தா வேற என்னா ஆவும்?" டிராக்டரைக் கிணற்றுக்குள் விட்டவர் இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருமே ஆண்கள். அவர்கள் கையைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 8, புதன்

சேலத்திலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். கடைசி இரண்டு பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். உடைந்த விசிறிகளை மாற்றினார். மிஷினைச் சுற்றி வந்து, "வயரிங் நீட்டா வெச்சிருக்கீங்களே" என்று பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு அவரே ஓட்டிப் பார்த்தார். நேராகப் போனது, நேராக வந்தது. "மிஷின்ல ஒண்ணுமில்ல. பைலட்டு பதட்டப்பட்டிருக்காங்க."

அம்மா, "இல்லீங்க, நான் திருப்பவே இல்லீங்க. திரையில காம்பஸ்னு சிவப்பா வந்துச்சுங்க" என்றாள்.

"அது அப்பப்ப வரும்மா. அதப் பாத்துட்டு நிக்கக்கூடாது."

எழுதிவிட்டார்: இயக்குபவர் சரிவர இயக்கத் தெரியாமல் விழுந்தது. வருகிற 18ஆம் தேதி, தீபாவளிக்கு முன்பே, கூட்டம் போடுவார்கள், அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சான்றிதழை நிறுத்தி வைப்பார்கள். மிஷின் ஏரியூர்ப் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "போட்டுட்டு விடச் சொல்லு. எதுக்கு வம்பு?" என்றார்.

போட விட மாட்டேன். அம்மா திருப்பவில்லை. நான் அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

சர்வீஸ்காரர் ஓட்டியபோது டேங்க் காலி.

இது எனக்கு ஏன் நேற்றே தோன்றவில்லை? வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அம்மாவிடம் கேட்டேன், பூஜைக்கு அப்புறம் வேறு எங்காவது ஓட்டினாயா என்று. 3ஆம் தேதி ஓட்டினாளாம், பாதி டேங்கோடு. "லேசா இழுத்துது. காத்துன்னு நெனச்சேன்."

காலி என்றால் நேர். பாதி என்றால் லேசாக. நிறைந்தால் தலைசுற்றல். பதட்டம் என்பது லிட்டர் கணக்கில் வருமா?

சுமை கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். இதுவரை சரி. அப்புறம்?

அக்டோபர் 10, வெள்ளி

இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தையே மறுபடி பார்க்கச் சொன்னார். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும், பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்பும். இரண்டு மதிப்பெண் வினா. எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாங்கி என்ன பயன், ஒரு கம்பியை எடுத்து வைத்துப் பார்த்ததில்லையே.

மிஷினுக்குத் திசை சொல்வது உள்ளே இருக்கும் சின்னக் காம்பஸ்தான். மோட்டாருக்குப் போகும் மின்சாரமே அதை ஏமாற்றினால்? அதற்குப் பெயர் மின்காந்தக் குறுக்கீடு என்றார் ஆசிரியை. ஆட்கள் ஏறிப் பறக்கிற மின்சார விமானங்கள் செய்கிறவர்களுக்கும் இதுதான் பெரிய தலைவலியாம். தூக்குகிற சக்தியே வழி தெரியாமல் செய்துவிடுகிறது.

ஆய்வகத்திலிருந்து ஒரு காம்பஸ் வாங்கி வந்திருக்கிறேன். திங்கள் காலை திருப்பித் தர வேண்டும்.

அப்படியானால் குறை மிஷினுடையது. கம்பெனிக்காரனை விட மாட்டேன்.

அக்டோபர் 11, சனி

மொரப்பூரில் ஷாஜியாவின் அப்பா நிசார் அகமது ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பேட்டரி, செல்ஃப் மோட்டார் வேலை. ஷாஜியா என் வகுப்பு. பேட்டரி செத்துப்போன ஒரு மினி லாரி நின்றிருந்தது. இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போட்டு ஸ்டார்ட் செய்யப்போனார். சிவப்பு வயர் ஒருபக்கம், கறுப்பு ஒருபக்கம் தரையில் கிடந்தன.

"அங்கிள், ஒரு நிமிஷம்" என்று காம்பஸைச் சிவப்பு வயர்மேல் வைத்தேன்.

"என்னம்மா, வண்டிக்கு வாஸ்து பாக்குறியா?" என்றார். செல்ஃப் அடித்தார். ஊசி கன்னத்தில் அறை வாங்கினதுபோலத் திரும்பியது. செல்ஃப் நின்றதும் பழைய இடத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று நான் குதிக்க, ஷாஜியா, "அப்பா, இவ இப்படித்தான். கிளாசுலயும் இப்படித்தான்" என்றாள்.

நிசார் அங்கிள் காம்பஸை வாங்கிக் கறுப்பு வயர்மேல் வைத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி செல்ஃப். ஊசி இந்தத் தடவை எதிர்ப்பக்கம் திரும்பியது. "போறதுக்கு ஒரு பக்கம்னா வர்றதுக்கு மறுபக்கம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எதிர்ப்பக்கம். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளுமே என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இரண்டு வயரையும் எடுத்து முறுக்கினேன். ஷாஜியா ஒருமுனையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இறுக்கிப் பின்னுடி, லாரிக்குக் கல்யாணம்" என்றாள். அங்கிள் செல்ஃப் அடித்தார்.

ஊசி லேசாக நடுங்கியது. திரும்பவில்லை.

என் கையில் முறுக்கிய வயர். சிவப்பும் கறுப்பும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதால் ஷாஜியா, "என்னடி, ஷாக் அடிச்சுதா?" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நான்தான்.

அக்டோபர் 13, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். அடுப்புப் பக்கம் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்: டேங்க், காம்பஸ், லாரி, ரெட்டைச் சடை. அழக்கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். அழுதுவிட்டேன்.

களியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. என் தப்புன்னே போவட்டும்."

"உன் தப்பு இல்லையேம்மா."

"எப்படி இல்ல? பறக்க உடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கணும்னு சொல்லித் தந்தாங்க. பாத்தேன். அழகா இருக்குதுன்னு சொன்னேன். வெளியாளத் தொட விடக்கூடாதுன்னும் சொல்லித் தந்தாங்க."

"நான் வெளியாளா?"

"மிஷினுக்கு நீ வெளியாளுதான்."

ஆனால் ஒன்று சொன்னேன். பார்க்காமல் விட்டது வேறு, ஓட்டத் தெரியாதது வேறு. அந்தத் தாளில் இருப்பது இரண்டாவது. அது பொய். பொய்க்குக் கையெழுத்து எதற்கு?

அம்மா சாப்பிடவில்லை. நானும்.

அக்டோபர் 14, செவ்வாய்

முனியம்மாள் பெரியம்மாவுக்கு அம்மாவே சொல்லிவிட்டாள். அவர் ஒரு வழி கொண்டு வந்தார்.

"பழயபடி முறுக்கி வெச்சிரு. வாய மூடிக்க. கூட்டத்துல தமிழு டேங்க ரொப்பி ஓட்டிக் காட்டட்டும், நேராத்தான போவும்? மிஷினு நம்மகிட்டயே இருக்கட்டும்னு நான் கேட்டு வாங்கிடறேன். புள்ள பேரு எதுக்கு வெளிய வரணும்?"

அம்மா தலையாட்டுகிறாள். ஆட்டுகிறாள்!

நான் கேட்டேன்: "அப்போ நாலாம் தேதி விழுந்தது?"

"அது விழுந்தது விழுந்துச்சு கண்ணு."

"அம்மா கையாலன்னு ஆயிடும். இன்னிக்கு நல்லா ஓட்டினா, அன்னிக்குத் தெரியாம ஓட்டிட்டான்னுதான் சொல்லுவாங்க. சென்னப்பன் மாமா சாகிற வரைக்கும் அப்படித்தான் நினைப்பார். அதுவுமில்லாம இன்னொரு ஊர்ல இன்னொரு பொண்ணு பூஜைக்குத் துடைப்பா. அவங்கம்மாவும் கையெழுத்துப் போடணுமா?"

"நீ மேடையில பேசற மாதிரி பேசாதடி" என்றாள் அம்மா.

மேடையில்தான் பேசப்போகிறேன். வயரை யாரும் தொடக்கூடாது. 18ஆம் தேதி வரைக்கும் அது ரெட்டைச் சடையாகவே இருக்கட்டும். மிஷின் இருக்கும் ஷெட்டின் சாவி என் பையில் இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மழை. அம்மா என்னோடு இரண்டு நாளாக அளவாகத்தான் பேசுகிறாள். சாவியைக் கேட்கவும் இல்லை.

அக்டோபர் 18, சனி

பொதுக்களத்தில் கூட்டம். மழை விட்டு வெயில். குழுப் பெண்கள், பிளாக் ஆபீசிலிருந்து ஒரு மேடம், சர்வீஸ்காரர், சென்னப்பன் மாமா. வேடிக்கை பார்க்க டீக்கடை மொத்தமும்.

மேடம் தாளைப் படித்து முடித்தார். பேனாவை நீட்டினார். நான் எழுந்தேன். தயாரித்து வைத்த முதல் வாக்கியம் மறந்துபோய்விட்டது. "வயரப் பிரிச்சது நான். அதனாலதான் விழுந்துச்சு. எங்கம்மா திருப்பல" என்று மட்டும் வந்தது. பிறகு மற்றதெல்லாம் வந்தது, கொஞ்சம் முன்பின்னாக.

சர்வீஸ்காரர் சிரித்தார். "பாப்பா, வயர எந்தப் பக்கம் கட்டினாலும் கரண்டு ஒண்ணுதான். நான்தான் ஓட்டிக் காட்டினேனே."

"காலி டேங்குல ஓட்டினீங்க."

"டேங்குக்கும் திசைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

டீக்கடைக் கூட்டம் சிரித்தது. யாரோ, "டியூசன் எடுக்குது பாரு" என்றார். காது சூடானது. உட்காரவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். நேற்றுவரை வாயை மூடிக்கொள்ளலாம் என்று சொன்ன அம்மா. குடத்திலிருந்து வெறும் தண்ணீரை டேங்கில் ஊற்றினாள், பத்து லிட்டரும். ரிமோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களே ஓட்டுங்க சார். வயரு அன்னிக்கி இருந்தாப்பலயே இருக்குது. நான் கையே வெக்கல."

எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் போகச் சொன்னாள். அவர் தூக்கினார். இடுப்பு உயரம், சரி. தலை உயரம், சரி. முன்னால் செலுத்தினார். அது மெதுவாக, மிக மெதுவாகத் தலையைத் திருப்பியது. ரிமோட் கூவியது. அவர் இழுத்தார். அது பக்கவாட்டில் சரிந்து புளியமரத்தைப் பார்த்துப் போனது. அவர் வேறு ஏதோ பொத்தானைத் தட்டி, களத்து ஓரத்தில் தொப்பென்று இறக்கினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"காத்து" என்றார்.

சென்னப்பன் மாமாதான் பேசினார். "காத்தா? அந்தப் புளியமரத்துல ஒரு எல ஆடுதா பாருங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

பிறகு அம்மா வயரை முறுக்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக. டேப் போட்டாள். ஒவ்வொரு விசிறியையும் தொட்டுப் பார்த்தாள். அதே பத்து லிட்டர். களத்தை நான்கு தடவை சுற்றி வந்தது, நூல் பிடித்தாற்போல. நான் பெருமைப்படவில்லை. மூச்சுதான் விட்டேன்.

அந்தத் தாளில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி அவளே எழுதினாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்: "எனக்கு ஓட்டத் தெரியாமல் விழவில்லை. பூஜைக்காக வயரைப் பிரித்தது எனக்குத் தெரியும். அதைச் சரிபார்க்காமல் பறக்கவிட்டது என் தவறு. சென்னப்பன் அவர்களின் இலைக்கு நானே பொறுப்பு." 'சரிபார்க்காமல்' என்பதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. நான் சொல்லவில்லை.

என் பெயரையும் எழுதச் சொன்னேன். "பெத்தவ நான்" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து மேடம் போன் செய்தார். மிஷின் இங்கேயே இருக்கும். அம்மா மூன்று நாள் மறுபயிற்சிக்குத் தருமபுரி போய்வர வேண்டும். சர்வீஸ்காரர் தன் சரிபார்ப்புத் தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாராம், பேட்டரி வயர்கள் முறுக்கியே இருக்க வேண்டும் என்று. யார் கண்டுபிடித்தது என்று அதில் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக் கடிதம் எழுதப்போகிறேன்.

சென்னப்பன் மாமா மட்டும் சொல்லியனுப்பினார்: "என் வேலியோரம் அந்த மிஷினு வரக்கூடாது. கரண்டோ காந்தமோ, எனக்குத் தெரியாது." அவருடைய புழுக்கள் வெளியூர் இலை தின்றுதான் கூடு கட்டினவாம். கூடு சிறுத்துவிட்டதாம்.

அம்மா நேராக அவர் தோட்டத்துக்கே போனாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. "ஒருவாட்டி பாருங்கன்னு கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

ராமக்காளின் துவரைக்கு இன்று வேப்பெண்ணெய்க் கரைசல். அதே வயல், அதே வேலி. காலை ஏழு மணிக்கே சென்னப்பன் மாமா வந்திருந்தார். வந்தவர் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, வேலிமேல் நீளவாக்கில் கட்டித் தொங்கவிட்டார். சலவைக்குப் போய்வந்த வேட்டி. சொட்டு விழுந்தால் எண்ணெய்க் கறை காட்டிக்கொடுத்துவிடும். கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் அம்மாவின் பக்கத்தில் போகப் பார்த்தேன். "கயித்துக்கு அந்தாண்ட" என்றாள், திரும்பிப் பார்க்காமல். போனேன்.

டேங்க் நிறைய. மொத்தம் ஏழு தடவை ஏறி இறங்கியது. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை, ராமக்காளைத் தவிர. அவர் எப்போதும் பேசுகிறவர்.

கடைசித் தடவை இறங்கி விசிறிகள் நின்றதும், சென்னப்பன் மாமா வேட்டியை அவிழ்த்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முழ முழமாக நகர்த்திப் பார்த்தார். திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

அப்புறம் அதை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இலை பறிக்கப் போனார்.